வெய்யி

அந்தக் கிணற்றுக்கு மொத்தம் அறுபத்திரண்டு படிகள் என்று தோப்புக்காரர் சொல்லியிருந்தார். தனபாக்கியம் இறங்கிக்கொண்டே ஐம்பத்தேழு வரை எண்ணினாள். மிச்சம் ஐந்தும் தண்ணீருக்குள் இருந்தன. மேலே ஜூன் மாத வெயில் மாந்தோப்பை வறுத்துக்கொண்டிருக்க, உள்ளே காலை ஒன்பது மணிக்கே பொழுது சாய்ந்தது போல இருட்டு. எங்கேயோ ஒரு தவளை குதித்தது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு நான்கு சுவர்களும் மாறி மாறிப் பதில் சொன்னதைக் கேட்டு அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

கிணறு என்றாலே அவளுக்கு இப்படித்தான். அவளுடைய அப்பா ரங்கையா, அவளுக்கு நைனா, கார்வேட்டிநகரம் சுற்றுவட்டாரத்தில் கிணறு தூர் வாரும் கூலி. தூர் வார அவர் வேண்டும். வாரி முடித்துச் சுரக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு மொள்ள மட்டும் அவருக்கு அனுமதி கிடையாது. அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. "கெணத்துல எறங்கினவன் கைதான் பேசணும். மேல நிக்கிறவன் வாய மூடிக்கினு பாக்கணும்." ஒருநாள் மேலே கயிறு பிடித்தவன் யாருடனோ வாயடித்துக்கொண்டு நின்றான். கீழே நைனா அசைத்த கையை அவன் பார்க்கவில்லை. நைனா பிழைத்துக்கொண்டார். அவர் இடுப்பு பிழைக்கவில்லை. தனபாக்கியத்துக்கு அப்போது பத்து வயது. விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது முப்பத்தொன்பது. தமிழிலும் தெலுங்கிலும் ஒரே நேரத்தில் எடுக்கப்படும் ஒரு படத்துக்கு அவள் ஒளிப்பதிவாளர். திரையில் 'தனா' என்று பெயர் வரும். முதல் படத்தின் தயாரிப்பாளர் செய்த வேலை அது. "தனபாக்கியம்னா சீரியல்ல மாமியார் பேரு மாதிரி இருக்கும்மா." அதையும் சேர்த்து ஐந்து படங்கள் முடித்துவிட்டாள். இன்றைக்கும் செட்டுக்கு வருகிறவர்கள் அவளிடமே வந்து "கேமராமேன் எங்க இருக்காரு?" என்று கேட்பார்கள். புத்தூரில் கல்யாண போட்டோ ஸ்டுடியோவில் தொடங்கி, சென்னையில் பதினோரு வருஷம் அடுத்தவர் லென்ஸைத் துடைத்து, ஆம்பளைகள் டீ குடிக்கப் போன நேரத்தில் கேமராவைத் தொட்டுப் பழகியவள். அதனால் அவளுடைய ஒப்பந்தத்தில் எப்போதும் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். லைட் குழுவில் பத்துக்கு நாலு பேர் பெண்கள். வேறு எந்த செட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிய ஒருவராவது அவள் குழுவில் இருக்க வேண்டும். கழிப்பறை வண்டி வராமல் கேமரா பெட்டியைத் திறக்க மாட்டாள்.

இந்தப் படத்தில் அந்த 'ஒருவர்' மஞ்சு.

"மேடம், ஒரு சின்ன கையெழுத்து."

படியேறி மேலே வந்தவளிடம் அட்டையில் செருகிய காகிதத்தை நீட்டினார் தயாரிப்பு நிர்வாகி ஆதிநாராயணன். திருப்பதிக்காரர். கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு. கெட்ட செய்தியைக்கூடப் பிரசாதம் போலக் குனிந்து கொடுப்பார்.

"இது இன்னா சார்?"

"ஒண்ணுமில்ல. அந்தக் காது கேக்காத பொண்ண தண்ணில எறக்கறது உங்க சொந்தப் பொறுப்புன்னு ஒரு வரி. ஆபீஸ்ல கேக்கறாங்க."

"மத்த லைட்மேனுக்கெல்லாம் இப்பிடி எழுதி வாங்குறீங்களா?"

"மத்தவங்களுக்குக் காது கேக்குதே மேடம்." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தேன்மொழிய எறக்கிட்டுப் போங்களேன். அவளும் பொம்பளதான? உங்க கணக்கும் சரியாப் போச்சு, எங்க தலவலியும் போச்சு."

தேன்மொழி நல்ல லைட்காரிதான். ஆனால் இந்த ஷாட்டுக்கு மஞ்சு வேண்டும். கதைப்படி ஒரு பெண் கான்ஸ்டபிள் துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி இந்தக் கிணற்றில் ஒளிகிறாள். வெளிச்சத்தை நேராக முகத்தில் அடிக்கிற பழக்கம் தனபாக்கியத்துக்குக் கிடையாது. இடத்துக்கு வெளிச்சம் கொடு, ஆள் அதைத் தேடி வரட்டும் என்பாள். மத்தியானம் பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வரை சூரியன் இந்தக் கிணற்றுக்குள் நேராக விழும். அதோடு தண்ணீரோரம் ஒரே ஒரு லைட். அதைத் தண்ணீரின் மீது சாய்த்துப் பிடித்தால், வெளிச்சம் நெளிந்து நெளிந்து சுவரேறி ஒளிந்திருப்பவளின் முகத்தைத் தொடும். அலைக்கு ஏற்ப லைட்டை விரல்கடை விரல்கடையாகச் சாய்க்க வேண்டும். தொட்டில் ஆட்டுவது போல அதைச் செய்ய மஞ்சுவால்தான் முடியும். சத்தம் அவளைக் கலைக்காது. வெளிச்சத்தை மட்டுமே கேட்பாள்.

பேனாவை வாங்கினாள். 'தனா' என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டு, முழுப்பெயரை எழுதினாள்.

மஞ்சு நகரிக்காரி. பெற்றவர்கள் இருவரும் விசைத்தறிக் கூலிகள். பெருங்கூச்சல் போடும் தறிகளுக்கு நடுவே யாரும் யாரோடும் வாயால் பேச முடியாது. கையும் கண்ணும்தான் பேசும். அங்கே வளர்ந்த பெண்ணுக்குக் காது கேட்காது என்பதையே நான்கு வயது வரை யாரும் கவனிக்கவில்லையாம். அந்தத் தறிக்கொட்டாய் சைகைகளைத்தான் தனபாக்கியம் தன் செட்டின் மொழியாக்கியிருந்தாள். விரித்த கை என்றால் கரண்ட் கொடு. மூடிய கை என்றால் நிறுத்து. கீழே தண்ணீரில் நிற்கிறவள் காட்டுவாள். விளிம்பில் நிற்கும் தனபாக்கியம் பச்சைத் துணியோ சிவப்புத் துணியோ தூக்குவாள். தோப்பின் மறுகோடியில் ஜெனரேட்டர் வண்டியோடு நிற்கும் ரமணா துணியைப் பார்த்துத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். யாரும் கத்தக் கூடாது. துணியை வேறு யாரிடமும் அவள் கொடுக்கவில்லை. நைனாவின் கயிறு பிடித்தவனை அவள் மறக்கவில்லை.

பதினொன்றே கால் மணிக்கு ஒரு சிக்கல். பத்துப் படி இறங்கிய மஞ்சு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒயரின் ஜாயின்ட்டைக் காட்டினாள். தண்ணீரைக் காட்டினாள். கழுத்தை ஒரு பக்கம் தொங்கவிட்டு நாக்கை நீட்டினாள். கசிவு இருந்தால் கரண்ட்டைத் தானே துண்டிக்கும் ட்ரிப்பர் பெட்டி இல்லாமல் அவள் இறங்க மாட்டாள். அது புத்தூரில் நிற்கும் இன்னொரு வண்டியில் இருந்தது.

"பாத்தீங்களா மேடம்? மகாராணி உக்காந்துக்கினு கீறாங்க" என்றார் ஆதிநாராயணன்.

தனபாக்கியம் சூரியனைப் பார்த்தாள். அரை மணி நேரச் சூரியன். தவறவிட்டால் ஒரு நாள் போச்சு. கரண்ட் என் கையில்தானே இருக்கிறது, அடம் பிடிக்காதே என்று சைகை காட்டினாள். மஞ்சு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சை நிறுத்துவதற்கு அவளிடம் இருந்த ஒரே வழி அது. தேன்மொழியைக் கூப்பிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. கடைசியில் பைக் போய்ப் பெட்டி வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது. பெட்டியைத் தானே சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மஞ்சு இறங்கிப் போனாள்.

முதல் ஷாட் அற்புதமாக வந்தது. விரித்த கை, பச்சைத் துணி, லைட். பச்சைத் தண்ணீரிலிருந்து வெளிச்சம் சுவரேறி நடிகையின் கன்னத்தில் துடித்தது. இயக்குநர் கிரண்குமார் மானிட்டரைப் பார்த்துக் கைகூப்பினான். மூடிய கை, சிவப்புத் துணி, இருட்டு. அடுத்த ஷாட்டுக்கு லைட்டை இரண்டு முழம் தள்ளி வைக்க வேண்டும். மஞ்சு முழங்கால் தண்ணீரில் நின்று லைட்டை ஸ்டாண்டோடு தூக்கினாள்.

அப்போதுதான் தனபாக்கியம் அதைப் பார்த்தாள். லைட்டோடு ஒயரும் இழுபட, படியில் பலகை மேல் வைத்திருந்த ஜாயின்ட் மெல்ல நகர்ந்தது. பலகையை விட்டு இறங்கியது. ஒரு படி. இன்னொரு படி. மஞ்சுவின் முதுகு அந்தப் பக்கம்.

கரண்ட் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சிவப்புத் துணி அவள் கையில்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு எங்கே அதெல்லாம் தெரிகிறது? பத்து வயதுப் பெண் ஒருத்தி அவளுக்குள்ளிருந்து எழுந்து விளிம்புக்கு ஓடிவந்தாள். சென்னையில் பதினெட்டு வருஷம் பழகிய பேச்செல்லாம் ஒரு நொடியில் எங்கோ போய், பிறந்த ஊர்ப் பேச்சு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"வெய்யி! ஏ மஞ்சு, வெய்யி! கீழ வெய்யி!"

லைட்டைக் கீழே வை. வைத்துவிட்டுத் தண்ணீரை விட்டு ஏறு. அதைத்தான் சொன்னாள். யாருக்குச் சொன்னாள், அவளுக்கு அது கேட்குமா என்பதெல்லாம் அந்த நொடியில் தோன்றவே இல்லை.

கிணறு ஒரு கண்சிமிட்டல் நேரம் பளீரென்று எரிந்தது. பச்சை முழுவதும் வெள்ளையானது. 'டப்' என்று மேலே ட்ரிப்பர் பெட்டியில் ஒரு சத்தம். மறுபடி இருட்டு. தண்ணீரில் வட்டம் வட்டமாக அலைகள். அலைகளின் நடுவே யாரும் இல்லை.

அடுத்த ஒரு நிமிஷம் அவள் நினைவில் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. நாற்பதாவது படியில் நின்ற தேன்மொழி கரண்ட் இருக்கிறதா இல்லையா என்றுகூடக் கேட்காமல் குதித்தது. தன் கை இன்னமும் சிவப்புத் துணியை உயரத் தூக்கிப் பிடித்திருந்தது. தூரத்தில் ரமணா, தான் போட்ட சுவிட்சையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றது. தேன்மொழியின் தோளில் தலைமுடி பரந்து ஒரு முகம் மேலே வந்து, இருமி, தண்ணீரைக் கக்கி, கண் திறந்தது. கண் திறந்தது. கண் திறந்தது. அதை மட்டும் மூன்று முறை சொல்லிக்கொண்டாள்.

"ட்ரிப்பர் இருந்ததால தப்பிச்சாங்க" என்றார் திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர். "ஒரு ஷாக். அவ்வளவுதான். வலது கை மரத்துப் போயிருக்கு, சரியாயிடும். ஒரு நாள் இருந்து பாக்கட்டும்."

மாலை நாலு மணிக்கு நகரியிலிருந்து மஞ்சுவின் அம்மா ரத்னம்மா வந்து சேர்ந்தாள். தறிக்கொட்டாய்க் குரல், மாடி முழுக்கக் கேட்டது. "எங்க கீறா? எம் பொண்ணு எங்க கீறா?" என்று வந்தவள், படுக்கையில் மகளைப் பார்த்ததும் பேச்சை விட்டுக் கைகளுக்கு மாறினாள். தாயும் மகளும் நான்கு கைகளால் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ரத்னம்மா தனபாக்கியத்திடம் திரும்பினாள்.

"அந்தத் துண்டு போட்ட சார் சொன்னாரும்மா. நீதான் தொண்ட கிழிய கத்தினியாமே, எம் பொண்ண காப்பாத்தறதுக்கு. பாவி, அவளுக்குத்தான் கேக்கல. நீ நல்லா இருக்கணும்."

தனபாக்கியம் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். நடைபாதையில் அதே அட்டையோடு ஆதிநாராயணன் காத்திருந்தார்.

"ரிப்போர்ட் எழுதிட்டேன் மேடம். 'ஒளிப்பதிவாளர் உரக்க எச்சரித்தும், செவித்திறன் இல்லாததால் உதவியாளர் விலகவில்லை. ஜெனரேட்டர் ஆபரேட்டர் உத்தரவில்லாமல் சுவிட்சைப் போட்டார்.' அவ்ளோதான். பொய் ஒரு எழுத்து இல்ல. ரமணாவ வண்டியோட அனுப்பிடறோம். பொண்ணுக்கு ஒரு வாரம் ரெஸ்ட்டு. அப்பறம் அவ வேணாம் மேடம். நாளைக்கு எல்லா கம்பெனியிலயும் அவ வேணாம்னுதான் சொல்லுவாங்க. உங்க பேருக்கு மட்டும் ஒரு கீறல் விழாது."

படித்துப் பார்த்தாள். உண்மையிலேயே பொய் ஒரு எழுத்து இல்லை. "ராத்திரி போடறேன்" என்று காகிதத்தை மடித்து வாங்கிக்கொண்டாள்.

வெளியே டீக்கடையில் ரமணா நின்றிருந்தான். சித்தூர்ப் பக்கத்து ஆள். தெலுங்கு பேசுகிறவன், தமிழ் தட்டுத்தடுமாறி வரும். முப்பது வருஷம் ஜெனரேட்டரோடே பழகி, அவனும் அதைப் போலவே உறுமித்தான் பேசுவான். இன்றைக்கு உறுமல் இல்லை. டீயை வாங்கி அப்படியே கையில் வைத்திருந்தான்.

"நா பொட்ட கொட்டொத்து மேடம்" என்றான். பிறகு தமிழில், "வயித்துல அடிச்சுடாதீங்க."

"துணியப் பாத்துதான போடணும், ரமணா? நான் செவப்பு புடிச்சிருந்தன். ஏன் போட்டீங்க?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"மீரே கதா செப்பாரு, மேடம்? நீங்கதான சொன்னீங்க? 'வெய்யி'ன்னு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. கடைசில 'கீழ வெய்யி'. கீழ லைட்ட போடுன்னு நேனு அனுக்குன்னானு, அப்பிடித்தான் நெனச்சன். மேடமே இந்தக் கத்து கத்துறாங்களே, ஏதோ அவசரம்னு ஓடிப்போய் வேசேசானு, போட்டுட்டன்."

டீக்கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஒரேய், ஃபேன் வெய்யி ரா!" மேலே ஃபேன் சுற்றத் தொடங்கியது.

தனபாக்கியம் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் வீட்டில் தமிழ். படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். வீட்டில் 'வெய்யி' என்றால் வை, கீழே வை. பள்ளிக்கூடத்தில் 'வெய்யி' என்றால் போடு, சுவிட்சைப் போடு. அம்மா "கொடத்த வெய்யி" என்பாள். டீச்சர் "லைட் வெய்யி" என்பார். இந்த எல்லையில் பிறந்த எந்தக் குழந்தையும் இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை. யார் பேசுகிறார்கள் என்பது எப்போதும் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. நூறு கஜம் தள்ளி, மாமரங்களுக்கு அப்பால் நின்ற ஒரு மனிதனுக்கு அது தெரியவில்லை. அவள் கை சிவப்பைக் காட்டியது. அவள் வாய் லைட்டைப் போடச் சொன்னது. காது கேட்கிறவன் எதை நம்புவான்?

கிணற்று விளிம்பில் இருந்ததைவிடப் பெரிய பயம், மெதுவாக, ஏறி வந்தது. ரிப்போர்ட் பையில் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட்டுவிட்டால் ரமணா போய்விடுவான், மஞ்சு போய்விடுவாள், யாருக்கும் தெரியாது. ரமணாவின் பேச்சை யார் நம்பப்போகிறார்கள்? போடாவிட்டால்? பதினோரு வருஷம், ஐந்து படம், ஒப்பந்தத்தின் அந்தக் கூடுதல் பக்கம். "பொம்பள பயத்துல கத்தி ஆளக் கொல்லப் பாத்தா" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இனி எந்தப் பெண் கேமராவைத் தொட்டாலும் அந்த ஒரு வரி அவளுக்கு முன்னால் செட்டுக்குப் போய் நிற்கும். இதையெல்லாம் மற்றவர்களுக்காகத்தான் யோசிக்கிறோம் என்று தன்னையே நம்பவைக்க முயன்றாள். முடியவில்லை. அவள் பயந்தது தனக்காக.

"டீ ஆறிப்போச்சு, குடிங்க" என்று ரமணாவிடம் சொல்லிவிட்டு மாடியேறினாள்.

மஞ்சு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, மரத்த கையின் விரல்களை இன்னொரு கையால் ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். ரத்னம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தனபாக்கியம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கையால் சொன்னாள். நான் கத்தினேன். ஒரு வார்த்தை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல இறக்கினாள்: கீழே வை. பிறகு ஐந்து விரல்களையும் குவித்துப் பட்டென்று விரித்தாள்: லைட்டைப் போடு. இரண்டும் வாயில் ஒன்று.

மஞ்சு புருவத்தைச் சுருக்கினாள். அவளும் செய்து பார்த்தாள். இறங்கும் கை. வெடித்து விரியும் கை. கொஞ்சமும் ஒட்டுறவில்லாத இரண்டு. இதையா ஒரே மாதிரி சொல்வீர்கள்? காது கேட்கிறவர்களை நினைத்து அவளுக்கு உண்மையிலேயே பரிதாபமாகப் போயிற்று போல. சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகுதான் புரிந்தது. சிரிப்பு நின்றது. விரல் நீவுவதும் நின்றது.

"இன்னா சொல்ற அவகிட்ட?" என்றாள் ரத்னம்மா.

தனபாக்கியம் வாயால் சொன்னாள். முழுவதும். ரத்னம்மாவின் கையில் ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது. அந்தப் பெருங்குரல் முதல்முறையாக இறங்கியது.

"நீயா?"

"நான்தான்க்கா."

"வேணும்னு பண்ணலதான். ஆனா நீதான்." சுளையைத் தட்டில் வைத்தாள். "நான் இட்டுக்கினு போறன். தறியில உக்காரட்டும். தறி கத்தும், கடிக்காது."

மஞ்சு அம்மாவின் உதட்டைப் படித்துவிட்டாள். பிறகு நடந்த சண்டையில் ஒரு சத்தம்கூட இல்லை. கைகள் காற்றை அறுத்தன. மரத்த கை தடுமாறியது. ஒற்றைக் கையாலேயே மகள் வாதாடினாள். வேகமாக இருந்ததால் தனபாக்கியத்துக்குப் பாதிதான் பிடிபட்டது. ட்ரிப்பர் பெட்டி. நான் கேட்டேன். நான் சோதித்தேன். நான்தான் என்னைக் காப்பாற்றினேன். நாளைக்கு வேறொருத்தி இறங்கினால் அவள் கேட்பாளா? ரத்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மஞ்சு அந்தப் பழக்கத்தை எங்கே கற்றாள் என்பது அப்போது தெரிந்தது. ஆனால் மகள் அம்மாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

அன்று இரவே, தனபாக்கியம் ஆதிநாராயணனின் வரிகளைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் எழுதினாள்: 'கத்தக் கூடாது என்ற விதியை ஏற்படுத்திய நானே கத்தினேன். என் வார்த்தையை உத்தரவு என்று எடுத்துக்கொண்டு ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டார். மஞ்சு கேட்டு வாங்கிய ட்ரிப்பரால் மஞ்சு பிழைத்தாள்.'

"மேடம், தூங்கி எழுந்து எழுதக் கூடாதா?" ஆதிநாராயணனின் குரலில் முதல்முறையாக நடிப்பு இல்லை. "இத நான் அனுப்பினா, உங்கள வெச்சு எவன் படம் எடுப்பான்?"

"தெரியல சார். எனக்கும் பயமாத்தான் கீது. அனுப்புங்க."

மறுநாள் சென்னையிலிருந்து பதில் வந்தது. கிணற்றுக் காட்சியை மட்டும் முடிக்கட்டும். அதற்கு மேல் என்ன என்பதைப் பிறகு பேசலாம். ஹைதராபாத்திலிருந்து வேறொரு ஒளிப்பதிவாளர் அடுத்த நாள் திருச்சானூர் லாட்ஜுக்கு வந்து இறங்குவதாக டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை கிரண்குமார் அவள் கண்ணைப் பார்க்காமல், "மேடம், கீழ வேற யாரையாவது..." என்று ஆரம்பித்தான். அதற்குள் மஞ்சு ட்ரிப்பர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனைக் கடந்து போனாள்.

அன்று மத்தியானம் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். தோப்பில் ஒரு இலைகூட அசையவில்லை. ரத்னம்மாவை யாரும் கூப்பிடவில்லை, வந்திருந்தாள். விளிம்புக்குக் கீழே மூன்றாவது படியில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமரங்களுக்கு அப்பால் ரமணா. இன்றைக்கு அவன் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாக வைத்துக்கொண்டது.

தனபாக்கியம் கீழே பார்த்தாள். மஞ்சு எண்ணிக்கொண்டு இறங்குவது போல நிதானமாக இறங்கினாள். ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. ஜாயின்ட்டை இந்த முறை பலகையோடு கயிற்றால் கட்டினாள். ஐம்பத்தேழு. தண்ணீர் முதலில் பாதத்தை எடுத்துக்கொண்டது, பிறகு கெண்டைக்காலை, பிறகு முழங்காலை. வலது கையை ஒருமுறை உதறிவிட்டு லைட்டைப் பிடித்தாள்.

தனபாக்கியத்தின் வாய் தானாகத் திறந்தது. உள்ளே அந்த வார்த்தை நுனிநாக்கில் உட்கார்ந்திருப்பதை அவளால் உணர முடிந்தது. எந்தப் பக்கம் விழுந்தாலும் விழும். சிவப்புத் துணியின் முனையைச் சுருட்டி வாயில் திணித்து, பல்லால் அழுத்திக் கடித்துக்கொண்டாள். துணியில் மண்ணும் டீசலும் உப்பும் ருசித்தன. பச்சைத் துணி வலது கையில்.

சூரியன் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. முதல் படி. ஐந்தாவது. பத்தாவது. சுவரின் கற்கள் ஒவ்வொன்றாக நிறம் கண்டன. நடிகை தன் மூலையில் மூச்சடக்கி ஒண்டினாள். வெளிச்சம் தண்ணீரைத் தொட்டதும், அடியில் இருந்த ஐந்து படிகளும் பச்சையாக நடுங்கித் தெரிந்தன.

கீழிருந்து மஞ்சு நிமிர்ந்து பார்த்தாள். மூடியிருந்த அவள் கை, விரல் விரலாக, விரிந்தது.

மேலே, துணியைக் கடித்தபடி நின்றவளின் கையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.